எசன்ஸ் என்று சொன்ன பொய்

எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதனால் அருப்புக்கோட்டையில் என் வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் பக்கத்து வீட்டு லட்சுமி அக்காதான்.

பட்டாளத்துத் தம்பி வைத்துவிட்டுப் போன ரம் சும்மா கிடந்தது. செல்போனில் செய்முறை பார்த்து, சாக்லேட்டையும் கிரீமையும் உருக்கி, மூன்று கரண்டி ரம் ஊற்றி, பிரிட்ஜில் இறுகவைத்து உருண்டை பிடித்தேன். அக்கா வந்ததும் தட்டை நீட்டினேன்.

ஒன்றை வாயில் போட்டாள். “அடியே, என்னமா மணக்குது! என்னத்தப் போட்ட?”

அடுத்ததற்கு நீண்ட கையில் மஞ்சள் காப்பைப் பார்த்தேன். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்க விரதம் இருக்கிறாள். உண்மையைச் சொன்னால் இனி வரமாட்டாள் என்று பயந்தேன்.

“எசன்ஸுதேன்க்கா.”

தீச்சட்டி எடுத்த அன்று அக்காவின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. “விரதத்துல எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியலையே” என்று அழுதாள். அப்போதுதான் ரம்மைப் பற்றிச் சொன்னேன்.

அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “தெரியாமக் குடுத்த, சரி. அன்னைக்கே சொல்லிருந்தா தலைக்கு ஊத்திட்டு வேற காப்புக் கட்டிருப்பேன். உன் வீட்டுக்கும் வந்துருப்பேன்.”

அதன்பிறகு வரவில்லை. மீதி உருண்டைகள் பிரிட்ஜில் அப்படியே இருக்கின்றன. ஊரையே வாய்க்கு வந்தபடி பேசியவள் நான். பேசியே ஆகவேண்டிய அந்த ஒரு நேரத்தில் பேசவில்லை.