மெய்யநாதனுக்குப் படைப்பு

1971 ஆவணியில் இளைய மகன் இராமுவுக்குக் கல்யாணம் என்று முடிவான நாளிலிருந்து, அமராவதிபுதூர் சுந்தரம் ஆசாரியின் மனைவி சோணையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூத்தவன் மெய்யநாதன், ஐ.நா. படையோடு காங்கோவுக்குப் போன சிப்பாய். 1962 கடைசியில் அங்கே நடந்த சண்டையில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடல் வரவில்லை. இளவயதில் இறந்தவர்களுக்குப் படையலிட்டு, புதுத்துணி ஒன்றை ஓலைப் பேழைக்குள் வைத்து மூடுவது அந்த வீட்டு வழக்கம். அதைப் படைப்பு என்பார்கள். கல்யாணத்துக்கு முன் செய்தே ஆகவேண்டும்.

மெய்யநாதனுக்கு அதுவரை யாரும் படைக்கவில்லை. சோணையம்மாள் விடவில்லை. அவன் எங்கேனும் உயிரோடிருந்தால், பேழைக்குள் வைக்கும் துணியே அவனைக் கொன்றுவிடாதா? செத்துத்தான் போயிருந்தால், இத்தனை வருஷம் பட்டினி கிடந்தவன் தம்பியைச் சும்மா விடுவானா? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிள்ளை போய்விடுவான் போலிருந்தது.

“தந்தியே வந்துருச்சு. இன்னும் என்னடி சந்தேகம்?” என்றார் ஆசாரி.

“தந்தி வந்தப்ப துட்டி கேக்க வந்தவுக என்ன சொன்னாக? சிங்கமாட்டம் நின்னான், பயமே தெரியாதுன்னாகள்ல? நம்ம மகனா அது? ஓலைவெடிக்கே என் முந்தானைக்குள்ள பூந்த பய. செத்தது வேற எவனோ.”

“பட்டாளத்துலயும் போயி உன் முந்தானையத் தேடுவானாக்கும்!”

“நீங்க பேசாம இருக்கீகளா?”

மெய்யநாதனோடு காங்கோவில் இருந்த காரைக்குடி ஹனிபா, பட்டாளத்திலிருந்து விலகி அந்த ஆடியில்தான் ஊர் திரும்பியிருந்தார். ஆசாரி அவரைக் கையோடு அழைத்து வந்தார். சோணையம்மாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“இங்குட்டு வாங்க ஆத்தா” என்று ஹனிபா கூப்பிட்டும் அவள் வெளியே வரவில்லை. “பயந்தானா?” என்று மட்டும் கேட்டாள்.

இல்லையென்று சொல்லச் சொல்லி ஆசாரி கண்ணைக் காட்டினார். ஹனிபா தலையைக் குனிந்துகொண்டார்.

“பயந்தான் ஆத்தா. குண்டு விழ ஆரம்பிச்சதும் என் பெல்ட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். ‘அண்ணே, விட்டுட்டுப் போயிறாதீக’ன்னான். நானும் வெலவெலத்துப் போய்த்தான் கிடந்தேன். உசுரு போன பெறகு, அவன் விரலைப் பிரிச்சுத்தான் என் பெல்ட்டை எடுக்க வேண்டியிருந்துச்சு. நாங்கதான் தூக்கிட்டுப் போயி எரிச்சோம்.”

கதவைப் பிடித்தபடியே சோணையம்மாள் தரையில் சரிந்தாள். அவளுக்கு மகனை அடையாளம் தெரிந்துவிட்டது. எட்டு வருஷத்து அழுகை அன்றுதான் வந்தது.

ஆவணி பிறக்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை படைத்தார்கள். புது வேட்டியைப் பேழைக்குள் அவளே வைத்தாள். மூடுவதற்கு ஆசாரி மூடியை எடுத்தார், அவள் பேழையைக் கொடுக்கவில்லை.

“பொறுங்க” என்றாள். பிறகு பேழைக்குள் குனிந்து, “பயப்படாத சாமி. ஆத்தா இங்கனதான் இருக்கேன்” என்றாள்.