மேளத்தில் அடித்த பட்டப்பெயர்

எங்கள் பெண்கள் பாடசாலைக்கு ஆபிரிக்க மேளக் குழுவொன்று வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது அதிபரின் நிபந்தனை.

ஜெம்பே என்ற அந்த மேளத்தைத் தொடைகளுக்கு நடுவே நிறுத்தி வெறுங்கையால் அடித்தார்கள். நடுத்தோலில் விழுந்த அடி நெஞ்சுக்குள் இடித்தது. கொஞ்ச நேரத்தில் மூத்த மேளக்காரர், கூட வாசிக்க ஒரு பிள்ளையை அனுப்பச் சொன்னார்.

யாரைத் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் நல்ல கறுப்பு இரண்டு பேர்தான்: நானும், என் வாங்கில் பக்கத்தில் இருந்த சிநேகிதியும். பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கிவிட்டது. யாராவது என்னைச் சொல்வதற்குள் எழும்பி அவளைக் காட்டிக் கத்தினேன்.

"காப்பிலி! இந்தா இரிக்காள் காப்பிலி!"

ஆபிரிக்கரை எங்கள் ஊர் இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. மண்டபமே பிடித்துக்கொண்டது. மேளக்காரருக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் அவளுடைய பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, இவ்வளவு பிரியமான பிள்ளையா என்று இங்கிலிஷ் டீச்சரிடம் கேட்டார். டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தபடி தலையாட்டினார்.

அவளை மேளத்தடியில் இருத்தினார்கள். நாங்கள் கத்திய தாளத்தையே அவர் அடித்துக்காட்டி, அவளையும் அடிக்கச் சொன்னார். கனத்த அடி ஒன்று, சின்னத் தட்டு இரண்டு. காப், பி, லி. என்னைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். நிறுத்தினால் என் பக்கம் திரும்பிவிடுவார்கள் என்ற பயத்தில் நான் எல்லாரையும்விட உரத்துக் கத்தினேன். வெட்கங்கெட்டவள் நான்.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஒட்டினால் போகாது. வீடு கேட்பதுகூட அதை வைத்துத்தான்.

போன மாதம் தம்பியின் கலியாணத்துக்கு வீடு வீடாகச் சொல்லப் போனபோது, "ஒண்டாப் படிச்சவள், அவளுக்கும் சொல்லிட்டு வா" என்றார் உம்மா. கல்முனைக்குடியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கேற்றடியில் ஐந்தாறு வயதுச் சிறுமி நின்றாள்.

"மகள், இஞ்ச காப்பிலிட வீடு எது?"

"எங்கட வீடுதான்" என்றாள், வெட்கமோ கோபமோ இல்லாமல். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "உம்மா, உங்களத் தேடி ஒராள் வந்திரிக்கா!"

"ஆரு மகள்?"

அவளுடைய குரல்தான். கலியாணத்தைச் சொல்லாமலே ஓட்டோவில் ஏறிக்கொண்டேன்.