சங்கு ஊதும்போது விழுந்தவள்

நூல் ஆலையில் அவளுக்குச் சண்டைக்காரி என்று பெயர். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேட்டு மேலாளரை ஒரு வாரம் உண்டு இல்லை என்று ஆக்கியவள். அப்படிப்பட்டவள் ஆலை வாசலில் மூன்றாவது முறை மயங்கி விழுந்ததும் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். வெறும் வயிறு என்றார்கள், ரத்தம் இல்லை என்றார்கள். மருத்துவமனையில் வலிப்பு என்று மாத்திரை எழுதினார்கள்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அவள் தம்பிக்கும் வலிப்பு என்றுதான் சொன்னார்கள். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டவன், பதினாறு வயதில் பள்ளிக்கூட மணி அடித்த நிமிஷத்தில் விழுந்தான், எழவில்லை. அடுத்தது தானோ என்று நினைத்தாள்.

ஆலை இரைச்சலுக்குக் காதில் அடைப்பான் போட்டுத்தான் வேலை. முடிகிற நேரம், வாசலில் நாலு கதை பேசலாமே என்று சங்கு ஊதும் முன்பே அதைக் கழற்றிவிடுவார்கள். யோசித்துப் பார்த்தாள். மூன்று முறையும் காது வெறுமையாக இருந்தபோது, தலைக்கு மேலே சங்கு அலறித்தான் விழுந்திருக்கிறாள்.

மருத்துவரிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு மாத்திரையைக் கூட்டினார். சத்தத்துக்கு நெஞ்சுதான் நிற்கிறதோ என்னவோ, ஈ.சி.ஜி. எடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது, முணுமுணுக்கட்டும். தொல்லை விட்டால் போதும் என்று எடுத்தார்கள்.

காகிதத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இதய மருத்துவரிடம் அனுப்பினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இவள் இதயம் அடுத்ததற்குத் தயாராகத் தாமதமாகிறது, அந்த நேரம் பார்த்துத் திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தறிகெட்டு ஓடும் என்றார் அவர். தானாக அடங்கினால் மயக்கம், அடங்காவிட்டால் சாவு. அதற்கு வேறு மாத்திரை கொடுத்தார். தறிகெட்ட துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நேராக்கும் சின்னக் கருவி ஒன்றை மார்பில் தோலுக்கடியில் வைத்தார்கள். இது பரம்பரையாக வருவது, பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள் என்றார்.

வீட்டில் ரகளையே அதற்குத்தான். ஒன்பது வயது மகளுக்குக் கால் தரையில் நிற்காது, அவளுக்கு என்ன நோய் என்றான் புருஷன். மாமியார் வாசலையே மறித்துக்கொண்டார்.

"நோய்க்காரின்னு பேர் வந்துட்டா நாளைக்கு இவளை யாரு கட்டிக்குவா?"

"யாரும் கட்டிக்கலேன்னா போகட்டும் அத்தை. உயிரோட இருந்துட்டுப் போறா."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். மகளுக்கும் அதே கோளாறுதான். ஒரு தடவைகூட விழுவதற்கு முன்னாலேயே மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.