அவர் அம்மாவைத்தான் கேட்டார்

எங்கள் ஊரில் கோடை பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. சீனப் பெருநாளின் பட்டாசுச் சத்தம் ஓய்ந்ததும் மழை எங்கேயோ போய்விடும். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக இருந்த கிணறு அடிமண்ணைக் காட்டத் தொடங்கும். வாளிக் கயிற்றில் இன்னொரு முழம், அப்புறம் இன்னொரு முழம் என்று முடிச்சுப் போட்டு நீட்டிக்கொண்டே போவோம். மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு, அப்படி ஒரு வெயில் காலத்தில்தான் அம்மா மலாய் பேசக் கற்றுக்கொண்டாள். அந்த வாயை அடைத்தவள் நான். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படியான காரியமா அது?

அம்மா இந்தியாவில் பிறந்தவள். ஜப்பான் சண்டை முடிந்த கையோடு கல்யாணமாகிக் கப்பலேறி வந்தாள். அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து லயத்தில் பத்து வருஷம் இருந்தாள். அங்கே கடை, கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் தமிழே போதும். அப்பாவுக்கு டவுனில் தண்ணீர்க்குழாய் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து நாங்கள் காஜா பேராங்குக்குக் குடிவந்த பிறகுதான் அம்மா ஊமையானாள். மீன் வாங்குவதற்குக்கூட நான் பள்ளி விட்டு வரும்வரை காத்திருப்பாள்.

அப்பாவும் நானும் இங்கேயே பிறந்தவர்கள், எங்களுக்குக் கவலை இல்லை. அம்மா மட்டும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. நேரில் கூப்பிட்டு மலாயில் நாலு கேள்வி கேட்பார்கள், சமாளித்துவிட்டால் பத்திரம் கிடைக்கும் என்றார்கள். சமாளிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பத்திரம் இல்லாதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று யாரோ சொன்னது அம்மாவின் காதிலேயே நின்றுவிட்டது.

"உன்ன இங்க விட்டுட்டு என்ன மட்டும் அனுப்பிருவாங்களாடி?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஆங்கிலப் பள்ளியில் படித்தேன், மலாய்ப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க்கு. "படிச்சா அனுப்ப மாட்டாங்க" என்றேன், பெரிய துரைசாணி மாதிரி. சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் முகத்தைச் சுளித்திருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். மாரியம்மனுக்கு விளக்குப் போடாமல் ஒரு வெள்ளிக்கிழமை போகாது. ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான், அதுவும் தமிழ் மறந்து பல தலைமுறை ஆன அவர்கள் வீட்டு மலாய். "சாமியெல்லாம் நம்ம சாமி. பேச்சு மட்டும் வேற. இது எப்பிடிடி?" என்று அம்மா முதலில் அதிசயப்பட்டாள். பிறகு இரண்டு பேரும் கிணற்றடியில் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

தண்ணீர் ஊறக் காத்திருக்கும் நேரம்தான் பள்ளிக்கூடம். வாளியை இறக்கிவிட்டு, ஊறட்டும் என்று இருவரும் கல்லில் உட்கார்ந்துகொள்வார்கள். அக்கா கையில் இருப்பதை எல்லாம் தூக்கிக் காட்டிப் பேர் சொல்வார். அம்மா திருப்பிச் சொல்வாள். வாளியை ஒன்று, இரண்டு என்று மலாயில் எண்ணி ஊற்றுவார்கள். எட்டு வந்ததும் அம்மாவுக்கு எப்போதும் தடுக்கும். அக்கா ஈரக்கையால் அவள் முதுகில் ஒன்று போடுவார், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பாதிக் குடம் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த வறட்சியில் ஊரே வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் மெதுவாக ஊறுவதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

அக்கா முதலில் கற்றுக்கொடுத்த வாக்கியம், "லு சுடா மாக்கான்?" நீ சாப்பிட்டியா என்று கேட்பது. யாரைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேட்டுவிடு, மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அக்காவின் பாடத்திட்டம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நம்ம பசியாறியாச்சான்னு கேக்குற மாதிரிதான்" என்றாள். அன்றிலிருந்து ஐஸ்காரன், தபால்காரர், வேலிக்கு வெளியே ஆடு மேய்த்த கிழவர் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

ஒரு நாள் நான் பள்ளி விட்டு வந்தபோது, சட்டியைத் திறந்து காட்டினாள். ஆறு கெம்போங் மீன். சைக்கிளில் வரும் மீன்காரரிடம் தானே பேசி வாங்கினாளாம். நாலு மீனுக்குப் பேரம் பேசி, மஹால் மஹால், விலை ஜாஸ்தி என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாளாம். அவர் சிரித்துவிட்டு இரண்டு மீன் மேலே போட்டாராம். "நான் பேசினது அவருக்கு வெளங்கிருச்சு, அவரு பேசினது எனக்கு வெளங்கிருச்சு" என்று அன்று சாயங்காலத்துக்குள் நாலு தடவை சொன்னாள். அப்பா வந்ததும் ஐந்தாவது தடவை. இன்னொரு நாள் அக்கா சொன்ன ஏதோ வேடிக்கைக்கு, யாரும் விளக்காமலே சிரித்துவிட்டதாக வந்து சொன்னாள். என்ன வேடிக்கை என்று கேட்டேன். "அது ஒனக்குச் சொல்ற வேடிக்கை இல்ல" என்று மறுபடி சிரித்தாள். அந்த மூன்று மாதங்களில் சிரித்ததைப்போல அம்மா அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அதெல்லாம் எரிச்சலாக இருந்தது. அவள் பேசியது என் பாடப்புத்தகத்து மலாய் இல்லை. ராகம் போட்டு இழுக்கும் அக்காவின் சமையற்கட்டு மலாய். "யாரையும் லுன்னு சொல்லக் கூடாது, மரியாதை இல்ல" என்பேன். "அந்தக்கா அப்பிடித்தான சொல்லுது, அது என்ன மரியாதை தெரியாத ஆளா?" என்பாள். ஒருமுறை என் வகுப்புத் தோழி ஒருத்தி, அரசாங்க குமாஸ்தாவின் மகள், புத்தகம் வாங்க வந்தாள். அம்மா ஓடிவந்து, லு சுடா மாக்கான் என்றாள். நான் தோழியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கேயே நிற்கவைத்துப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினேன். உள்ளே அம்மா அவளுக்காக எடுத்த தட்டைத் திரும்ப அடுக்கும் சத்தம் கேட்டது.

பிரஜாவுரிமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது பள்ளி விடுமுறையில். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "வழிக்கு நீ தொணைக்குப் போ" என்றார் என்னிடம். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "உள்ள நீ வாயத் தொறக்காத. அம்மாகிட்டதான் கேப்பாங்க." சரி என்றேன். அம்மா தன்னிடம் இருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள். வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. வழி முழுக்க ஒன்று முதல் பத்து வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எட்டில் தடுக்கவில்லை.

அதிகாரி வயதான மலாய்க்காரர், சொங்கோக் தொப்பி போட்டிருந்தார். நலமா என்று கேட்டார். அம்மா நலம் என்று மலாயில் சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி முகமெல்லாம் மலர்ந்து, "லு சுடா மாக்கான்?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். என் காது இரண்டும் சூடேறின. மானம் போயிற்று என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆனது. அன்று காலையிலிருந்து அந்த மேசைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். அவர் சாப்பிட்டாரா என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்களா?

அடுத்து, எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், புத்தகத்து மலாயில், ஐயா போட்டு, சுத்தமாக. அவர் என்னைப் பார்த்து, "அம்மா சொல்லட்டும்" என்றார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். அதையும் நானே சொன்னேன். "அம்மாவைத்தான் கேட்டேன்" என்றார், கோபமில்லாமல். பிறகு கேள்வியை இன்னும் சுலபமாக்கினார். அம்மா பக்கம் நன்றாகத் திரும்பி, மெதுவாக, இன்று காலை வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு அம்மா கால் மணி நேரம் பேசியிருப்பாள். அன்று காலை நாங்கள் சாப்பிட்டது பழைய சோறும் நெத்திலிச் சம்பாலும். நெத்திலி, மிளகாய், அம்மி, சட்டி எல்லாவற்றுக்கும் அவளுக்கு மலாய் தெரியும், எல்லாம் கிணற்றடியில் படித்தவை. அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். பழைய சோறு என்று சொல்லப்போகிறாள் என்ற பயத்தில், "ரொட்டியும் வெண்ணெயும்" என்றேன் நான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அதுவரை நினைத்துப்பார்க்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது: அவளுக்கு மலாய் புரியும். நான் பொய் சொன்னது புரிந்தது. ஏன் சொன்னேன் என்பதும் புரிந்தது. அதன் பிறகு அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் அவள் பதில் சொல்லவில்லை. முந்தானையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள். நானும் சொல்லவில்லை, அவசரமாக ஓடிவந்த மலாயெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அவர் காகிதத்தில் எதையோ எழுதிக் கோப்பை மூடினார். இன்னும் கொஞ்சம் பழகிக்கொண்டு வரச் சொன்னார், மறுபடி கூப்பிடுவார்கள் என்றார். எழுந்தபோது என் தலையில் கை வைத்து, கெட்டிக்காரப் பிள்ளை என்றார்.

வெட்கங்கெட்டவள் நான். வெளியே வந்து படியிறங்கும்போது, "என்னக் கெட்டிக்காரின்னு சொன்னாரும்மா" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள் அம்மா.

சாயங்காலம் அப்பா குதித்தார். "மூணு மாசமா கெணத்தடியில ஒக்காந்து என்னத்த படிச்ச? நாலு கேள்விக்குப் பதில் வரல?" அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "எனக்குத்தான் வாய் வரல" என்றாள். நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நான்தான் பேசினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியைப் போகவிட்டேன், அடுத்ததையும் போகவிட்டேன். அப்பா சாகும்வரை அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு தபால்காரர் மணி அடித்தால் அம்மா வெளியே வந்து சாப்பிட்டியா என்று கேட்பதில்லை. அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வாள். கப்பலேறச் சொல்லும் கடிதம் வந்துவிட்டது என்ற பயம். மழை வந்தது, கிணறு நிறைந்தது, கயிற்றில் முடிச்சுகளை அவிழ்த்தோம். அவளுடைய அந்தப் பயம் மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என் பிள்ளைகள் எனக்காகப் பரிந்து பேசுவார்கள், இந்தக் கதை தெரிந்தால். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மறுபடி அழைப்பு வந்தபோது அம்மா என்னைக் கூப்பிடவில்லை. "சோறு கொதிக்குது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அக்காவோடு போனாள். மத்தியானம் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பி வரும் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டது. அக்கா வேகமாக என்னவோ கேட்க, அம்மா அதைவிட வேகமாகப் பதில் சொன்னாள். ராகமெல்லாம் அப்படியே அக்காவின் ராகம். நான் வாசலுக்கு வந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தினாள். "குடுத்துட்டாங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து என் எதிரில் அவள் மலாய் பேசியதே இல்லை. கோபத்தில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கோபமாக இருந்தால் என்றைக்காவது தீர்ந்திருக்கும். வீட்டுக்கு யாராவது வந்து மலாயில் ஏதாவது கேட்டால், என் முகத்தைப் பார்ப்பாள், நானே பதில் சொல்லட்டும் என்பதுபோல. நான் பெரியவளாகி ஆசிரியையானேன். முப்பது வருஷம் பள்ளியில் மலாய் சொல்லிக்கொடுத்தேன். எத்தனையோ பிள்ளைகளின் வாயைத் திறக்கவைத்ததாக ஓய்வு பெறும் நாளில் பாராட்டிப் பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியாக அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு காலை நேரம், புதிதாக வந்த மலாய்த் தாதி ஊசியோடு வந்தாள். சின்னப் பெண். எங்கே வலிக்கிறது என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். தாதியும் என்னைப் பார்த்து, அம்மாவுக்கு மலாய் தெரியாதா என்றாள்.

நன்றாகத் தெரியும், நீங்களே கேளுங்கள் என்றேன். அம்மா அப்போதும் என் முகத்தையே பார்த்தாள். நாற்பது வருஷமாக என்னைப் பார்த்துவரும் அதே பார்வை, நான் சொல்லக் காத்திருந்தாள். வெந்நீர் பிடித்து வருகிறேன் என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு திரைக்கு வெளியே வந்தேன்.

இரண்டடி நடப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. பலவீனமாக, ஆனால் ராகம் குறையாமல்.

"லு சுடா மாக்கான்?"

இன்னும் இல்லை என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே. இவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அம்மா கேட்டாள். வீடு எங்கே, அம்மா இருக்கிறாளா, காலையில் என்ன சமைத்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவ்வளவும் மலாயில். நான் காலி பிளாஸ்க்கோடு திரைக்கு வெளியிலேயே நின்றேன். அவர்கள் பேசி முடிக்கிறவரை உள்ளே போகவில்லை.