இடப்பக்கச் சுவரின் நீளம்

நான்கு மீற்றர் அறுபது சென்ரிமீற்றர் இருந்த ஓரிடத்தை நான்கு மீற்றர் பத்து என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். கை தவறிவிட்டதென்று சில நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். கை தவறவில்லை. அதனால் ஒரு மனிதரால் தன் மனைவியையும் மகளையும் தன்னிடம் அழைக்க முடியாமற் போனது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொழும்பில் பதினெட்டு வருடம் கட்டட வரைபடம் கீறிய நான், இத்தாலியின் பலெர்மோவில், வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஓர் அறையில் இருந்துகொண்டு, தினமும் ரயிலில் பகேரியாவுக்குப் போய் ஒரு பழைய மாளிகையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி விதவை, சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வாசலில் தெருப்பக்கம் திறக்கும் இரட்டை இரும்புக் கதவு. அதன் வலப்பக்கத்தில் இரண்டு அறையும் குசினியும் கொண்ட காவல்வீடு. அதில் மன்னார் ஆள் ஒருவர் இருந்தார், என்னைவிடப் பத்து வயது இளையவர். கார் ஹோர்ன் அடித்தால் ஓடிவந்து கதவைத் திறப்பார். மற்ற நேரம் தோட்டவேலை. என்னை "இஞ்சினியர்" என்றுதான் கூப்பிடுவார்.

"இஞ்சினியர் அண்ணை, தும்புத்தடியாலை இண்டைக்கு எத்தினை மாடி கட்டப் போறியள்?"

எனக்குக் கோபம் வருவதில்லை. என் படிப்பை, கேலியாகவேனும், அங்கே ஞாபகம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய மனைவியும் மகளும் இராமேஸ்வரத்துக்கு அருகே ஓர் அகதி முகாமில் இருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு வேலையும், மூன்று பேருக்குப் போதுமான வீடும் இருப்பதாகக் கொஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் காட்ட வேண்டும். காவல்வீடு அதற்குப் போதும். மகளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. பதினெட்டு ஆகிவிட்டால் பிள்ளையென்று அவளைக் கூப்பிட முடியாது. கடதாசிகளை ஒவ்வொன்றாக ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் சிஞ்ஞோராவுக்குத் தானாகத் திறக்கும் கதவு வேண்டியிருந்தது. அயல்வீட்டில் காரைவிட்டு இறங்காமலே பொத்தானை அமத்திக் கதவைத் திறப்பதைப் பார்த்துவிட்டார். காவல்காரரைக் கூப்பிட்டு, "கதவு தானாகத் திறந்தாலும் தோட்டத்துக்கு நீ வேண்டும். உன் வீட்டிலேயே இரு" என்று சொல்லியும் இருந்தார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

மின்வேலைக்காரர் வந்து பார்த்தார். மோட்டர் பூட்டிய கதவு தெருவுக்குள் திறக்கக் கூடாது என்றார். உள்ளே திறப்பதும் சரிவராது, ஏனென்றால் வாசலைத் தாண்டியதும் பாதை மேடாக ஏறுகிறது, கதவு நிலத்தில் முட்டும். ஆகவே தண்டவாளத்தில் பக்கவாட்டாக ஓடும் ஒற்றைக் கதவுதான். வாசலின் அகலம் நான்கு மீற்றர். திறந்த கதவு ஒதுங்கி நிற்க, மதிலோரம் நாலரை மீற்றராவது வெறுமையாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று அளந்து யாராவது படம் கீறித் தந்தால் நல்லது என்றார்.

சிஞ்ஞோரா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஊரில் படம் கீறினவன்தானே?"

இத்தாலிக்கு வந்த நான்கு வருடத்தில் அப்படியொரு கேள்வியை என்னிடம் எவரும் கேட்டதில்லை.

மறுநாள் காவல்காரரும் நானும் அளந்தோம். நான் நாடாவின் நுனியை வாசல் தூணில் பிடித்துக்கொண்டேன். அவர் சுருளோடு இடப்பக்க மதிலின் மூலைவரை போனார். இடையில், சிஞ்ஞோராவின் கணவர் நட்ட நெஸ்போலா மரம் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்து நின்றது.

"நாலு அறுபது, இஞ்சினியர்! மரத்தைத் தறிச்சால் பஸ்ஸே ஓடும்!"

வலப்பக்கம் அளக்கத் தேவையில்லை. அங்கே அவருடைய வீடு நின்றது.

அன்று குசினி மேசையில் படத்தைக் கீறினேன். நேர்கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கும் பழக்கம் இன்னும் என்னிடம் இருந்தது. அது எனக்குச் சந்தோசமாக இருந்தது. இரண்டு வழி காட்டினால் சிஞ்ஞோரா மரமா வீடா என்று யோசிப்பார். மரத்தின் கீழ் இருந்துதான் காலையில் கோப்பி குடிப்பார். வீட்டுக்கோ வாக்குக் கொடுத்திருந்தார். யோசித்தாரென்றால் கதவே வேண்டாம் என்று விட்டுவிடுவார். அதோடு என் படமும் போய்விடும். ஒரே வழி காட்டினால் செய்வார். ஆகவே இடப்பக்கத்தில் 4.10 என்று எழுதி, இடம் போதாது என்று குறித்தேன். காவல்வீட்டைச் சாய்கோடுகளால் நிரப்பினேன். இடிக்க வேண்டியதை அப்படித்தான் காட்டுவது. அவருக்கு வேறெங்காவது இடம் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை நான் நம்பவில்லை.

படத்தை மதிலில் வைத்துக் காட்டியபோது காவல்காரர்தான் இரண்டு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். சிஞ்ஞோரா "பிராவோ" என்றார். பிறகு அவரிடம், வேறு வழியில்லையாம், நகரத்தில் ஓர் அறை பார், பகலில் வந்து வேலை செய் என்றார். அவர் தலையாட்டினார்.

ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் சிஞ்ஞோராவிடம் போய், அளவு பிழை, இடப்பக்கம் இடம் இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்படியானால் என் மரத்தை வெட்டச் சொல்கிறாயா?"

இல்லையென்று சொல்லிவிட்டு இன்னொரு படம் கீறிக்கொண்டு போனேன். கதவை மேட்டின் உச்சிக்கு, பாதை மட்டமாகும் இடத்துக்குத் தள்ளிவிட்டால் இரட்டைக் கதவு உள்ளே திறக்கும். மரமும் நிற்கும், வீடும் நிற்கும். முதல் நாளே அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று நான் தேடியது அதையல்ல. சிஞ்ஞோரா பார்த்தார், மிக அழகாகக் கீறியிருக்கிறாய் என்றார், ஓடும் கதவுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். மேசன் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. படத்தின் மேலேயே கோப்பிக் குவளையை வைத்தார்.

ஞாயிறு, காவல்காரர் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "தம்பி, அந்த அளவை நான் வேணுமெண்டு பிழையா எழுதினனான்."

அவர் கயிற்றை முடிந்துகொண்டே, "தெரியும் அண்ணை" என்றார். "நாலு அறுபது எண்டு கத்தினது நான்தானே. படத்திலை நாலு பத்து எண்டு கிடந்தது. பாத்தனான்."

"பாத்திட்டு ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"நீங்கள் படிச்ச ஆள். மோட்டருக்கு, மதிலுக்கு எண்டு ஏதும் கழிச்சிருப்பியள் எண்டு நினைச்சன்."

என் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, நான் ஏழு பேரோடு ஒரு வீட்டில் போய்ப் படுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அறையின் சொந்தக்காரர் வாடகைப் பத்திரம் எழுதித் தர மறுத்துவிட்டார். எழுதியிருந்தாலும் மூன்று பேருக்கு அது காணாது என்று கொஸ்தூராவில் சொன்னார்கள். இருவருமாக வீடு தேடினோம். எங்கள் முகத்தைக் கண்டதும் வாடகைக்குப் போய்விட்டது என்றார்கள். அவருக்கு ஒழுங்கான வீடு கிடைத்தபோது மகளுக்குப் பதினெட்டு முடிந்து நான்கு மாதம். மனைவி வரலாம். "குமர்ப்பிள்ளையை முகாமிலை தனிய விட்டிட்டு நான் வரமாட்டன்" என்று அவள் கடிதம் எழுதினாள். அந்த வீட்டை அவர் வேறொரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தார்.

இப்போது ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தில் மீன் வெட்டுகிறார். ஞாயிறுகளில் போவேன். பின்வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை இருத்துவார், முதல் தட்டு எனக்குத்தான் வரும். "சாப்பிடுங்கோ அண்ணை" என்பார். மகளைப் பற்றிக் கேட்டால், சுகமாயிருக்கிறாள் என்பார். இஞ்சினியர் என்று மட்டும் அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.