சந்தனம் பூசிய கேம் மெஷின்

எழுதத் தகுதி இல்லாதவன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கைப்பட எழுதியதெல்லாம் லீவு சீட்டும் பேங்க் சலானும்தான். ஐம்பதை நெருங்குகிற ஒரு ஆள் வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. எனக்கே அப்படித் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயுத பூஜை அன்று நான் பட்ட பயத்தை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நெமிலிச்சேரியில் அக்கா வீட்டில் இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. மாமா திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறார். அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டுகிறேன்.

நான் பயந்த சுபாவம். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். பஸ்ஸில் நெரிசலாக இருந்தால் "இறங்கணும்" என்று சத்தமாகச் சொல்லப் பயந்து, அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய் நடந்து திரும்பி வந்திருக்கிறேன். கடைக்காரர் தப்பான சாமானைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அக்கா திட்டிவிட்டு, தானே போய் மாற்றிக்கொண்டு வருவாள்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு விளையாட்டு பிடித்துப்போனது. பூந்தமல்லியில் பழைய டி.வி., பழைய மெஷின் விற்கிற கடையில் ஒருநாள் அது ஓடிக்கொண்டிருந்தது. கடல் கொண்டுபோன தீவுகளைத் தேடிப் போகிற ஒரு பெண்ணின் கதை. அவளுக்குக் கடல்வழி வரைபடம் வரைகிற வேலை. கையில் ஒரு லாந்தரும் சுருட்டிய தாளும் இருக்கும். கத்தி, துப்பாக்கி எதுவும் கிடையாது. குகைக்குள் ஏதாவது அசைந்தால் லாந்தரை அணைத்துவிட்டு, அது போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். தைரியமாக ஓடுகிறவன் அதில் செத்துப்போவான். நான் கடை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தேன். இது எனக்காகவே செய்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மெஷினையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுவரை நான்கு பாகங்கள் வந்திருக்கின்றன. நான்கையும் ஆடினேன். ஒவ்வொன்றையும் முடிக்க எனக்கு வருஷக்கணக்கில் ஆகும். வசனமெல்லாம் இங்கிலீஷ் என்பதால் பக்கத்தில் அகராதி வைத்துக்கொள்வேன். வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு குகைக்குள் நாலடி போவேன். பயம் தாங்காமல் நிறுத்திவிடுவேன். மறுநாள் இன்னும் நாலடி.

அந்த விளையாட்டில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு பாகத்தில் நாம் செய்தது அடுத்த பாகத்திலும் தொடரும். முதல் பாகத்தில் ஒரு படகோட்டியை அலையிலிருந்து இழுத்துக் காப்பாற்றினேன். மூன்றாம் பாகத்தில் அவன் தாடியோடு வந்து என்னைக் கரைசேர்த்தான். அவனைக் காப்பாற்றாதவர்களுக்கு அவன் வரமாட்டான். நீந்தித்தான் போக வேண்டும். இப்படி நான் செய்தது, செய்யாமல் விட்டது எல்லாம் அந்த மெஷினுக்குள் சேவ் ஆகியிருந்தது. அதில் மட்டும்தான் இருந்தது. நெட்டில் இன்னொரு பிரதி வைக்கலாம் என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குக் கணக்குத் தொடங்கி கார்டு நம்பர் கொடுக்கச் சொன்னார்கள். பயந்து விட்டுவிட்டேன்.

ஐந்தாவதும் கடைசியுமான பாகம் தீபாவளிக்குப் பிறகு வருவதாக இருந்தது. நான்கு பாகத்தின் சேவும் வைத்திருப்பவர்களுக்கு முடிவே வேறு மாதிரி இருக்குமாம்.

ஆயுத பூஜை அன்று காலையில் எங்கள் பட்டறையில் பூஜை. முதலாளி ஒவ்வொரு லேத்துக்கும் கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டு ஒரு சுற்று ஓடவிட்டு நிறுத்துவார். அதற்குப் பிறகு மறுநாள் பூஜையை எடுக்கும்வரை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாது. பொரி, கடலைப் பொட்டலத்தோடு நான் வீட்டுக்கு வந்தபோது மாமா வேனைக் கழுவி வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே கூடத்தில் மனை போட்டு எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள் அக்கா. அவளுடைய தையல் மெஷின், கத்தரிக்கோல், மாமாவின் ஜாக்கி, வீல் ஸ்பேனர், என் டூல் பாக்ஸ். நடுவில் என் கேம் மெஷின்.

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அதற்கு ஒருநாளும் பூஜை போட்டதில்லை. அக்காவுக்கு அது "டி.வி. பொட்டி பக்கத்துல இருக்கிற பொட்டி", அவ்வளவுதான். இந்த வருஷம் ஈரத்துணியால் பளபளவென்று துடைத்திருந்தாள். மேலே வரிசையாக இருக்கிற காற்றுத் துளைகளை அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்து, கோடு பிசகாமல் சந்தனத்தை அப்பியிருந்தாள். அதன்மேல் குங்குமம். ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு சின்னப் பூச்சரம்.

"எப்பிடிடா கீது?" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "லேத்து உனக்கு சோறு போடுது, சரி. நீ சிரிக்கறது இத்தப் பாத்து மட்டுந்தான். இதுக்கு ஒரு பொட்டு வெக்காம உட்டுட்டேனே இத்தினி வருசமா."

"நல்லா இருக்குக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது? சந்தனம் ஈரமாகத்தான் இருக்கிறது, உள்ளே இறங்கியிருக்காது, காய்ந்ததும் குச்சியால் எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் சுண்டலுக்கு வந்துவிட்டார்கள். மாமா மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடும் மாவிலையோடும் வந்தார். டூல் பாக்ஸுக்குத் தெளித்தார். தையல் மெஷினுக்குத் தெளித்தார். அடுத்தது எது என்று எனக்குத் தெரியும். "மாமா" என்று கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. மாவிலையை நன்றாக முக்கி எடுத்து மூன்று தடவை உதறினார். சந்தனம் கரைந்து ஒரு துளைக்குள் மஞ்சளாக வழிந்து இறங்குவதைப் பார்த்தேன்.

கற்பூரம் காட்டியாயிற்று. மாமா வெளியே போய் வேனை எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி இறக்கிவிட்டு வந்தார். அக்கா தையல் மெஷினில் ஒரு துண்டுத்துணியில் நாலு தையல் ஓட்டினாள்.

"இப்ப உன்னுது" என்றாள் என்னைப் பார்த்து. "பட்டறையில ஒரு சுத்து ஓட்டுவீங்கல்ல? அத்த மாதிரி இத்தையும் ஒரு தபா ஓட்டிக் காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

"அட, ஒயரெல்லாம் சொருகி ரெடியாக் கீது" என்று மாமா சுவிட்சுப் பக்கம் போனார். "நானே போடறேன். மச்சானுக்கு வெக்கம்."

பெண்கள் சிரித்தார்கள். ஈரத்தில் கரண்ட் பட்டால் என்ன ஆகும் என்று லேத் ஓட்டுகிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பட்டென்ற சத்தம், கொஞ்சம் கருகல் நாற்றம். அவ்வளவுதான். படகோட்டியும் போய்விடுவான், நான்கு பாகமும் போய்விடும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை வரவில்லை. குகையில் லாந்தரை அணைத்துவிட்டு உட்காருவதைப்போல நின்றேன்.

மாமாவின் விரல் சுவிட்சில் படுவது தெரிந்தது. நான் பாய்ந்து விழுந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அடியில் கிடந்த பொரித் தட்டு உருண்டு கூடமெல்லாம் பொரி.

மாமாதான், "இன்னா மச்சான், பேய் புட்சிகிச்சா?" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மா, "சாமிக்கு வெச்சதப் போயி இப்டிப் புடுங்கறியேப்பா" என்றார்.

"உள்ள தண்ணி போயிடுச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "கரண்ட் பட்டா எரிஞ்சிடும்க்கா. உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்."

அக்காவின் முகம் மாறியது. "நாந்தான் கெடுத்துட்டேனா?"

"இல்லக்கா."

"பின்ன? தொறந்து தொடைக்கறதுதான?"

"ஸ்க்ரூ டிரைவர் பூஜையில கீது."

எல்லோரும் என் டூல் பாக்ஸைப் பார்த்தார்கள். அதன்மேல் மாலை, நடுவில் பொட்டு.

"பக்கத்து ஊட்ல வாங்கலாம்" என்றாள் ஒருத்தி.

"எங்க ஊட்லயும் பூஜையிலதான் கீது" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"மெயின் ரோட்டு மெக்கானிக்?" என்றேன்.

"அவன் ஸ்பேனருக்கு மட்டும் லீவு இல்லியா?" என்றார் மாமா. "இன்னிக்கு இந்த ஊர்லயே ஒரு ஸ்குரூ தெறக்க முடியாது மச்சான். நாளிக்கிக் காலைலதான்."

பெண்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து பொரியைப் பொறுக்கினேன். ஈரம் உள்ளே இருந்தால் நேரம் ஆக ஆக உள்ளே இருக்கிற செம்பெல்லாம் பூத்துக்கொள்ளும், பச்சை பிடிக்கும். விடியும்வரை அது அப்படியே கிடக்க வேண்டும். டூல் பாக்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கப் பயம். எடுக்காமல் இருக்கவும் பயம். அக்கா அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். அவள் அழுகிறாளோ என்று அதுவேறு பயம்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து நின்றாள். "தொடாம காய வெக்க முடியாதா?"

"ஃபேன் காத்து பட்டா கொஞ்சம் காயும்."

டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து மனைக்கு நேராக வைத்துப் போட்டாள். மனைக்குப் பக்கத்தில் ஏற்றியிருந்த குத்துவிளக்கு உடனே அணைந்துவிட்டது.

"போச்சா? இன்னிக்கு வெளக்கு அணையக்கூடாதுடி" என்றார் மாமா.

"தெரியும். நீ சும்மா இருய்யா." மறுபடி விளக்கை ஏற்றினாள். சமையலறைக்குப் போய் முறத்தை எடுத்துவந்தாள். விளக்குக்கும் ஃபேனுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். காற்று விளக்கை விட்டு ஒதுங்கி, கேம் மெஷின் மேல் மட்டும் அடித்தது. பூச்சரம் ஆடியது.

"நான் புடிக்கறேன்க்கா."

"நீ புடிச்சா கை நடுங்கும். வெளக்கு அணஞ்சிடும். போய் சாப்டு."

நான் சாப்பிடவில்லை. அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். மாமா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "உள்ள அப்பிடி இன்னாதான்டா கீது?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டார். நான் படகோட்டியைப் பற்றிச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

"அந்தாளு இன்னும் உசுரோட கீறானா?" என்றாள் அக்கா, முறத்தைக் கைமாற்றிக்கொண்டு.

"நாளைக்குத்தான் தெரியும்க்கா."

முறத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

மறுநாள் காலை அக்கா கற்பூரம் காட்டிப் பூஜையை எடுத்தாள். நான் மெஷினைத் திறந்தேன். அடித்தட்டில் மஞ்சள் கறை இருந்தது, ஈரம் இல்லை. துடைத்து மூடி சுவிட்சைப் போட்டேன். ஓடியது. நான்கு பாகத்தின் சேவும் இருந்தது. பிறகு பட்டறைக்குப் போனேன். அன்று அரை நாள்தான் வேலை.