கொக்கிக்குக் கீழே

இது நடந்தது. என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. எழுதி முடித்து அவரிடமே படித்துக் காட்டினேன். "பயத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கே" என்று மட்டும் சொன்னார்.

மாமா யார் காதிலும் பூச்சுற்றுகிற ஆள் இல்லை. அக்காவைத் தவிர வேறு எதற்கும் அவர் பயந்து நான் பார்த்ததும் இல்லை. அப்பேர்ப்பட்டவர் பட்டப்பகலில் ஓர் இரும்பு ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கினார் என்றால், நான் எப்படி நம்பாமல் இருப்பது?

இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் மாமாவுக்குக் கிரேன் ஓட்டும் வேலை. தெருவில் போகும் கிரேன் இல்லை. கூரைக்குக் கீழே, சுவருக்குச் சுவர் தண்டவாளம் போட்டு ஓடுகிற கிரேன். ஏணி ஏறிப் போய் ஒரு கண்ணாடி கேபினுக்குள் உட்கார வேண்டும். நடுவில் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு வண்டி, அதிலிருந்து தொங்கும் கம்பிவடம், அதன் நுனியில் கொக்கி. கீழே நிற்கிற ஆள் சரக்கை மாட்டிவிட்டுக் கை காட்டுவான். இரைச்சலில் பேச்சு எடுபடாது, கைதான் பேச்சு. இரண்டு கையும் தலைக்கு மேலே, உள்ளங்கை விரிந்து நின்றால், தலை போகிற அவசரமானாலும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்.

கம்பியில் தொங்குவது எதுவானாலும் ஆடும். வண்டியை நிறுத்தினாலும் சரக்கு நிற்காது. முன்னே போகும், பின்னே வரும், மறுபடி முன்னே போகும். மற்ற ஓட்டுநர்கள் அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாமாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்து, சரக்கு கடைசி எல்லையைத் தொடும் நொடியில் வண்டியை நேரே அதன் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துவார். ஆட்டம் அப்படியே செத்துவிடும். இதற்கு 'ஆட்டம் பிடிப்பது' என்று பேர். சத்தமில்லாமல் சரக்கை இறக்குவதால் அவருக்குப் 'பூனை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மாமாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

கீழே கை காட்டுகிறவனுக்கு நெட்டை என்று பேர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். பத்து வருடக் கூட்டாளி.

அன்று குட்டைச் சங்கிலி வேறு எங்கோ மாட்டியிருந்ததால், நெட்டை நீளச் சங்கிலியைப் போட்டுத் தகடுகளைக் கட்டியிருந்தான். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம். மாமாவின் கண் சங்கிலியைப் பார்த்தது. வாய் மட்டும் பழக்க தோஷத்தில் குட்டைச் சங்கிலியின் எண்ணிக்கையையே எண்ணியது. சரக்கு ஆட ஆரம்பித்தது. நெட்டை இரண்டு கையையும் தூக்கினான். மாமா பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இதோ, ஒரே ஒரு தள்ளு, பிடித்துவிடலாம் என்று நினைத்தார். தள்ளு முந்திக்கொண்டது. அடங்க வேண்டிய ஆட்டம் பெரிதாகி, தகடுகள் பின்னே வீசி வந்து, நெட்டையைப் பின்னால் இருந்த தகடு அடுக்கோடு வைத்து நசுக்கின. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான்.

விசாரணையில் மேனேஜர் கேட்டார். மாமா வாய் கூசாமல் சொன்னார்:

"அவன் கை காட்டலை சார். குறுக்க வந்துட்டான்."

மறு வாரம் வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கியது. சைகை காட்டாமல் ஆடும் சரக்கின் அருகே சென்றதால் விபத்து, இவரைப் போல் கவனக்குறைவாக இருக்காதீர்கள் என்று. அதன் கீழே நெட்டையின் போட்டோ. மாமா தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். செருப்பைப் பார்த்துக்கொண்டே தாண்டுவார்.

அது போதாதென்று நெட்டையின் மனைவிக்கு அங்கேயே ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. காலையில் மாமா கையுறைக்குப் போய் நிற்பார். கொடுப்பதற்கு முன்னால் அவள் கேட்பாள்.

"அண்ணா, நிஜமாவே அவர் கை காட்டலையா?"

"இல்லம்மா."

"புதுசா வர்றவங்களுக்குக் கை காட்டச் சொல்லிக் குடுத்ததே அவர்தானேண்ணா."

"அன்னிக்கு என்னவோ..."

மீதியை மாமா மென்று விழுங்குவார். மறுநாளும் அதே கேள்வி. கோபமில்லாமல், அழாமல். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் மாமா. உண்மையைச் சொன்னால் வேலை போகும், பேர் போகும். சொல்லாவிட்டால் செத்தவன் பேர் வாசலில் தொங்கிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் சாப்பாட்டு நேரத்திலும் கீழே இறங்காமல் கேபினிலேயே தனியாக உட்கார ஆரம்பித்தார்.

முதலில் சின்ன விஷயம்தான்.

ஒரு திங்கட்கிழமை மதியம். எல்லா எந்திரங்களும் நின்றிருந்தன. கேட்டில் இருந்த வாட்ச்மேனைத் தவிர ஆள் இல்லை. வெறும் கொக்கியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அது ஆடியது. வழக்கம்போல எண்ணி, ஆட்டம் பிடிக்கப் பார்த்தார். பிடிபடவில்லை. இன்னொரு தரம். அதுவும் தப்பியது. பதினைந்து வருடத்தில் வெறும் கொக்கி அவருக்குத் தப்பியதே இல்லை. செல்போனை எடுத்துப் பத்து ஆட்டத்துக்கு நேரம் பார்த்தார். நாற்பத்து நாலு நொடி.

அந்த உயரத்தில் வெறும் கொக்கி பத்து ஆட்டம் ஆட நாற்பது நொடிதான் ஆகும். அது அவருக்கு மனப்பாடம்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறாள். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவளிடம் மாமா மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, கொக்கியில கனம் கூடினா ஆட்டம் மெதுவாகுமா?"

"அதிசயமா பாடத்துல சந்தேகம் கேக்குறீங்க?" என்று கிண்டலடித்தபடி அக்கா நூலில் ஒரு சாவியைக் கட்டி ஆட்டினாள். பிறகு சாவிக்கொத்தையே கட்டி ஆட்டினாள். இரண்டும் ஒரே வேகம். "பாத்தீங்களா? கனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீளம் கூடினாதான் மெதுவாகும்."

"நாற்பதுக்குப் பதிலா நாற்பத்து நாலு ஆச்சுன்னா?"

திருத்திக்கொண்டிருந்த பேப்பரின் ஓரத்திலேயே கணக்குப் போட்டாள். "நாலு மீட்டர் இருந்தது இப்போ நாலே முக்காலுக்கு மேல இருக்கு. யாராவது கம்பியை இறக்கியிருப்பாங்க."

"இறக்கலை."

"அப்போ கொக்கிக்குக் கீழ என்னமோ தொங்குது. அதோட நடுப்பாகம் அத்தனை கீழ இருக்கு. ஒரு ஆள் கையைத் தூக்கிப் பிடிச்சுத் தொங்கினா அப்படித்தான் வரும்."

அக்கா சிரித்தாள். மாமா எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் அவர் லீவு போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவன்தானான்னு தெரியணும்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை. மதியம் பன்னிரண்டு நாற்பது. பட்டறை காலி. கொக்கி அசையாமல் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா கேபினில் இருந்தார். எந்த விசையையும் தொடவில்லை.

க்ர்ர்க்...

மேலே கப்பியில் இருந்து வந்தது.

கொக்கி லேசாக நகர்ந்தது. ஒரு சாண் முன்னே. ஒரு சாண் பின்னே. காற்று இல்லை. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் தூசி கூட அசையவில்லை.

க்ர்ர்க்... க்ர்ர்க்...

ஒரு முழம் ஆனது. பிறகு இரண்டு முழம். தானாக ஆடும் ஆட்டம் நேரம் போகப் போகக் குறையும். இது கூடிக்கொண்டே போனது.

போனை எடுத்தார். பத்து ஆட்டம் எண்ணினார்.

நாற்பத்து நாலு.

கேபினுக்குள் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கொக்கியில் எத்தனை கிலோ தொங்குகிறது என்று சிவப்பு எண்ணில் காட்டும். மாமா அதைப் பார்த்தார்.

பூஜ்யம்.

கனம் எதுவுமே இல்லை. நீளம் மட்டும் கூடியிருந்தது.

பழக்கம் மட்டும் வேலை செய்தது. வண்டியை நகர்த்தி ஆட்டம் பிடிக்கப் பார்த்தார். தப்பியது. ஆட்டம் பெரிதானது. மறுபடி நகர்த்தினார். இன்னும் பெரிதானது.

அன்றைக்குப் போலவே.

கொக்கி இப்போது கேபினை நோக்கி வந்தது. போனது. வந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு இன்னும் பக்கத்தில்.

"வேணாண்டா... நெட்டை... வேணாண்டா..."

க்ர்ர்க்...

இன்னும் ஒரே ஒரு தள்ளு...

அந்த நினைப்பு வந்ததும் மாமாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கும் இதையேதான் நினைத்தார். அதே வார்த்தை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்துக்கொண்டே.

"நிறுத்திட்டேன்! நிறுத்திட்டேன்டா!"

எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தார். விளக்கு அணைந்தது. மோட்டார் ஓய்ந்தது.

கொக்கியும் நின்றது.

நடுவுக்கு வந்து நிற்கவில்லை. தகடு அடுக்கின் பக்கம் எவ்வளவு தூரம் போயிருந்ததோ அங்கேயே நின்றது.

சாய்வாக.

கம்பி விறைத்து... அந்தரத்தில்...

ஆடவில்லை. விழவில்லை.

யாரோ பிடித்து வைத்திருந்த மாதிரி.

மாமா ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. கடைசிப் படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அப்போதும் சாய்வாகத்தான் நின்றது. ஒரு மணிக்கு மணி அடித்து, ஆட்கள் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். மாமா கண்ணை இமைத்தார். கொக்கி நேராகத் தொங்கியது.

எடையே இல்லாத ஒன்று ஆட்டத்தை எப்படி மெதுவாக்கும் என்று அக்கா இன்றுவரை அடித்துப் பேசுகிறாள். போனைப் பார்த்து எண்ணியதில் பிசகு என்கிறாள். கம்பி சாய்ந்து நின்றதைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

மாமா நேராக ஸ்டோருக்குப் போனார். நெட்டையின் மனைவி கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். வியர்த்து வெளிறி நின்றவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அவன் கை காட்டினாம்மா. ரெண்டு கையையும் தூக்கினான். நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் நிறுத்தலை. பாவி நான், அவன் மேலயே பழியைப் போட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த ஜோடியைச் சேர்த்து முடித்தாள்.

"தெரியும்ணா" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா...?"

"ஆஸ்பத்திரியில ரெண்டு நாளும் அவர் கண்ணே திறக்கலை. பேச்சு இல்ல, நினைவு இல்ல. ஆனா ரெண்டு கையும் தலைக்கு மேலயே நின்னுச்சு, உள்ளங்கை விரிச்சபடி. நர்ஸம்மா இறக்கி விடுவாங்க, மறுபடி தூக்கிப்பார். துணி போட்டுக் கட்டிலோட கட்டினாங்க, அறுத்துக்கிட்டுத் தூக்கினார். உயிர் போயும் அந்தக் கை இறங்கலைண்ணா. பெட்டியை மூட முடியாம நாலு பேர் அழுத்திப் பார்த்தாங்க."

கையிலிருந்த கையுறையை மேசைமேல் வைத்தாள்.

"யாரையோ நிறுத்தச் சொல்றார்னு தெரிஞ்சுது. யாரைன்னு நீங்களே சொல்லணும்னு இருந்தேன். அதான் தினமும் உங்களைக் கேட்டேன்."